‘நட்சத்திர இரவு’ ஆம்ஸ்டர்டாமில் ஏன் கிடைக்கவில்லை

வான்கோ வரைந்த ‘நட்சத்திர இரவு’ ஓவியம் ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் இல்லை. துப்புகளை வைத்து ஓவியங்களைத் தேடும் விளையாட்டில், அந்த அருங்காட்சியகத்தின் மெய்நிகர் சுற்றில் எல்லா அறையும் தேடியும் ஏழாவது துப்புக்கான ஓவியம் மாட்டவில்லை என்கிறீர்களே, காரணம் அதுதான். 1941 முதல் அது நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

துப்பு எழுதியவர் வேறொரு ஓவியத்தை நினைத்திருக்கவும் வாய்ப்புண்டு. 1888-இல் பிரான்சின் ஆர்ல் நகரில் வான்கோ வரைந்த ‘ரோன் நதிமேல் நட்சத்திர இரவு’ பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பெயர் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் பலரும் குழம்புவார்கள்.

துப்பை மறுபடி படியுங்கள். சைப்ரஸ் மரமும் சுழலும் வானமும் வந்தால் நியூயார்க். தண்ணீரில் விளக்கொளியும் கரையில் நிற்கும் இருவரும் வந்தால் பாரிஸ். அப்புறம் அந்த நதியை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒவ்வொரு விளக்கின் பிரதிபலிப்பும் சின்னச் சின்னத் தூரிகை வீச்சாகக் கீழே இறங்குவது திரையில்கூட அவ்வளவு அழகு!

ஒரு எச்சரிக்கை: வான்கோவின் ‘படுக்கையறை’ ஓவியம் பற்றிய துப்பு வந்தால் அவசரப்படாதீர்கள். அதற்கு மூன்று வடிவங்கள், ஆம்ஸ்டர்டாம், சிகாகோ, பாரிஸ் என ஊருக்கு ஒன்று. சுவரில் தொங்கும் உருவப்படங்கள் ஒரே மாதிரி இல்லை, அதனால் எந்த ஊர் என்று பார்த்துவிட்டே பதில் எழுதுங்கள்.