வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: பச்சிளங்குழந்தை ஐசியுவில் மூச்சு சிகிச்சை

குறைமாதக் குழந்தைகளுக்கான மூச்சு சிகிச்சை குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவக் குழுவினர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்கள்.

கேள்வி: டாக்டர், எங்கள் குழந்தை 29 வாரத்தில் பிறந்தது. பிறந்த ஒரு மணி நேரத்திலேயே ‘சர்ஃபாக்டன்ட் போட வேண்டும்’ என்று கையெழுத்து வாங்கினார்கள். அது என்ன மருந்து? அவ்வளவு அவசரம் ஏன்?

நுரையீரலின் கடைசி முனையில் இருப்பவை மிகச் சிறிய காற்றுப் பைகள். அவற்றின் உட்சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சேர்த்து வைத்தால் பிரிக்கச் சிரமப்படுவோமே, அதே விசைதான் அந்தப் பைகளையும் ஒட்டிக்கொள்ள வைக்கப் பார்க்கும். அதைத் தடுக்க நுரையீரலே சுரக்கும் கொழுப்புப் பொருள்தான் சர்ஃபாக்டன்ட். கருவில் சுமார் 24 வாரத்தில் இது சுரக்கத் தொடங்கினாலும், போதுமான அளவை எட்ட 34, 35 வாரம் ஆகிவிடும். உங்கள் குழந்தை அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் பைகள் சுருங்கி ஒட்டிவிடும், அடுத்த மூச்சில் மறுபடி முதலிலிருந்து திறக்க வேண்டும். சில மணி நேரத்திலேயே குழந்தை களைத்துப் போகும். இதைத்தான் ஆர்.டி.எஸ். என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள்.

மருந்து பன்றி அல்லது மாட்டின் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்டது, வெள்ளை நிறத் திரவம். பன்றியிலிருந்து எடுக்கப்படும் போராக்டன்ட் வகை என்றால் முதல் டோஸ் கிலோவுக்கு 200 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லி. மாட்டிலிருந்து எடுக்கப்படும் பெராக்டன்ட் என்றால் கிலோவுக்கு 100 மில்லிகிராம், 4 மில்லி. இதை ஊசியாகப் போடுவதில்லை, நேராக மூச்சுக்குழாய்க்குள் விடுகிறார்கள். தானாக மூச்சு விடும் குழந்தைக்கு இப்போது பெரும்பாலும் ஒரு மெல்லிய குழலைக் குரல்நாண்களுக்கு நடுவே செலுத்தி, சில நிமிடங்களில் மருந்தைக் கொடுத்துவிட்டுக் குழலை எடுத்துவிடுகிறார்கள். குழந்தை அப்போதும், மூக்கு வழியே தொடர்ந்து சிறு காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவியிலேயே இருக்கும். மருந்து இறங்கும் நேரத்தில் ஆக்சிஜன் அளவோ இதயத் துடிப்போ சற்று இறங்கலாம். அப்போது கொடுப்பதை நிறுத்தி, மூச்சு தேறியதும் தொடர்வார்கள்.

அவசரத்துக்குக் காரணம், ஒட்டிய பைகளை அழுத்தம் கொடுத்துத் திறக்கத் திறக்க அவற்றின் சுவர் புண்ணாகிவிடும் என்பதுதான். முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். கொடுத்த பிறகு ஆக்சிஜன் தேவை மளமளவென்று குறையும். அந்த நேரத்தில் மெஷினின் அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் கூடவே குறைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசியும் ஆபத்து உண்டு.

கேள்வி: குழந்தைக்கு ‘பபிள் சிபாப்’ வைத்திருக்கிறார்கள். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டுமாமே, அடிக்கடி நின்றுவிடுகிறது. மூக்கின் நடுப்பகுதி சிவந்திருக்கிறது. வயிறும் உப்பியிருக்கிறது. கவலையாக இருக்கிறது.

மூன்றுமே நீங்கள் கவனித்துச் சொல்ல வேண்டியவைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சிபாப் குழந்தைக்காக மூச்சு விடுவதில்லை. குழந்தையே மூச்சு விடுகிறது. வெளிவிடும்போது காற்றுப் பைகள் முழுவதும் சுருங்கிவிடாதபடி ஒரு சிறு அழுத்தத்தைத் தொடர்ந்து பிடித்து வைப்பதுதான் சிபாப்பின் வேலை. காற்றும் ஆக்சிஜனும் கலந்து, சூடும் ஈரமும் ஏறி, ஒரு குழாய் வழியே மூக்குக்கு வருகிறது. அங்கிருந்து இன்னொரு குழாய் வழியே தண்ணீர் பாட்டிலுக்குள் போகிறது. அந்தக் குழாயின் முனை தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் மூழ்கியிருக்கிறதோ, அதுதான் அழுத்தம். 5 சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் அழுத்தம் 5. பொதுவாக 5 அல்லது 6-இல் தொடங்கி, தேவைப்பட்டால் 7, 8 வரை போவார்கள்.

குமிழி நின்றால் காற்று வேறெங்கோ வெளியேறுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் குழந்தை வாயைத் திறந்திருக்கும், அல்லது மூக்கில் வைத்த முனை சற்று விலகியிருக்கும், அல்லது மூக்குத் துளைக்கு அந்த முனை சிறியதாக இருக்கும். குழாயின் ஏதாவது ஓர் இணைப்பு கழன்றிருக்கலாம். நர்ஸ் மூக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு போவார். அழுது வாய் திறந்த சில நொடிகள் நின்றால் பரவாயில்லை. குழந்தை அமைதியாக இருந்தும் நின்றே கிடந்தால் உடனே கூப்பிடுங்கள்.

குமிழி வருகிறது என்பதற்காக எல்லாம் சரி என்றும் ஆகாது. குழாய்க்குள் அழுத்தம் இருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். மூக்கு சளியால் அடைத்திருந்தாலும் பாட்டிலில் குமிழி வரும், நுரையீரலுக்கு ஒன்றும் போகாது. ஆகவே பாட்டிலைவிட நெஞ்சைப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே குழிகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, மூச்சை விடும்போது முனகல் கேட்கிறதா? முனகல் என்பது குழந்தை தானே குரல்வளையை இறுக்கிக் காற்றை உள்ளே பிடித்து வைக்கும் முயற்சி. சிபாப் சரியாக வேலை செய்தால் முனகல் குறைய வேண்டும். இன்னொன்று, குழாயில் படியும் நீர் சொட்டிச் சொட்டிப் பாட்டிலில் மட்டம் ஏறும். மட்டம் ஏறினால் அழுத்தமும் ஏறும். ஒவ்வொரு ஷிப்டிலும் நர்ஸ் அதைப் பார்ப்பது அதற்காகத்தான்.

மூக்குச் சிவப்பை அலட்சியம் செய்ய வேண்டாம். இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள சுவர் மிக மென்மையானது, முனையின் அடிப்பாகம் அதில் இடித்துக்கொண்டே இருந்தால் முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும், அரிதாகச் சதையே அரித்துப் போய்விடும். அந்தச் சுவருக்கும் முனைக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். மூக்கின் ஓரத் தோல் வெளுத்திருந்தால் முனை பெரியது என்று பொருள். குழாயைப் பிடித்து வைக்கும் தலைத் தொப்பி தளர்ந்தாலும் முனை ஆடி உரசும். சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாஸ்க்கையும் முனையையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. ‘இன்று மூக்கைப் பார்த்தீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

வயிறு உப்புவது பெரும்பாலும் காற்று. வாய் வழியே இரைப்பைக்கு ஒரு குழாய் போட்டு, அதன் வெளிமுனையைத் திறந்து உயரமாக வைத்தால் காற்று வெளியேறும். வயிறு மெத்தென்று இருந்து, பாலும் ஏற்றுக்கொண்டு, மலமும் போனால் பயமில்லை. வயிறு பளபளவென்று இறுகி இருந்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, மலத்தில் ரத்தம் கலந்தாலோ அது வேறு விஷயம். குடல் அழற்சி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

கேள்வி: மானிட்டரில் ஆக்சிஜன் 93 என்று காட்டுகிறது. 100 ஆக்கச் சொன்னால் மறுக்கிறார்கள். ஆக்சிஜனை மிச்சம் பிடிக்கிறார்களா?

இல்லை, உங்கள் குழந்தையின் கண்ணைக் காக்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது இலக்கு பொதுவாக 90 முதல் 95 சதவீதம். 95 வரை இந்தக் கருவி நம்பகமாக வழிகாட்டும். 100 தொட்டுவிட்டால், ரத்தத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலா, மூன்று மடங்கு கூடுதலா என்று அதனால் சொல்ல முடியாது. மிகுதியான ஆக்சிஜன் விழித்திரையின் வளரும் ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். கேஸ் ஷீட்டில் ஆர்.ஓ.பி. என்று இருப்பது அதுதான். 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் கணக்குப் பார்க்காமல் ஆக்சிஜன் கொடுத்ததால் உலகெங்கும் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தார்கள். அதே சமயம் 90-க்குக் கீழே தொடர்ந்து வைத்திருப்பதும் உயிருக்கு ஆபத்து. எனவேதான் இந்தக் குறுகிய வரம்பு.

ஆக்சிஜன் கலக்காத சாதாரணக் காற்றில் குழந்தை தானாக 98, 100 காட்டினால் அதில் எந்தத் தவறும் இல்லை. வரம்பு என்பது நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஆக்சிஜனுக்குத்தான்.

எண் திடீரென்று 70-க்கு விழுந்தால் முதலில் குழந்தையின் உதட்டையும் நாக்கையும் பாருங்கள், நெஞ்சு அசைகிறதா பாருங்கள். குழந்தை சிவந்து, நெஞ்சு நன்றாக அசைய, காலை உதறிக்கொண்டிருந்தால், சென்சார் கழன்றிருக்கலாம். சென்சார் காட்டும் துடிப்பும் இசிஜி காட்டும் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டாலும் அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

கண் பரிசோதனை எந்தத் தேதியில் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பொதுவாகப் பிறந்த 4-ஆவது வாரத்தை ஒட்டி வரும். டிஸ்சார்ஜ் ஆகிற அவசரத்தில் இதை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: என் மகள் தூக்கத்தில் மூச்சை நிறுத்திவிடுகிறாள். ‘காஃபின் கொடுக்கிறோம்’ என்கிறார்கள். காபியில் இருக்கும் அதே பொருளா? இவ்வளவு சின்னக் குழந்தைக்கா?

அதேதான். மூளையின் மூச்சு மையம் இன்னும் முதிராததால் இந்த நிறுத்தம் வருகிறது. ஐந்து, பத்து நொடி நின்று மறுபடி தொடர்ந்தால், துடிப்பும் இறங்காவிட்டால், அது சாதாரணம். 20 நொடிக்கு மேல் நின்றாலோ, அதற்குக் குறைவான நேரத்திலேயே இதயத் துடிப்பு அல்லது ஆக்சிஜன் இறங்கினாலோ அது ஆப்னியா. காஃபின் சிட்ரேட் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மில்லிகிராம், 24 மணி நேரம் கழித்துத் தினமும் ஒரு வேளை கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம். 1.2 கிலோ குழந்தை என்றால் முதலில் 24, பிறகு தினமும் 6 முதல் 12 மில்லிகிராம். துடிப்பு 180-ஐத் தாண்டி ஓடினால் அன்றைய டோஸை நிறுத்தி யோசிப்பார்கள். சீக்கிரம் வென்டிலேட்டரிலிருந்து வெளியே வரவும் இந்த மருந்து உதவுகிறது.

அலாரம் அடித்ததும் நர்ஸ் உள்ளங்காலையோ முதுகையோ மெதுவாகத் தேய்ப்பார், கழுத்து மடங்கியிருந்தால் நேராக்குவார். பெரும்பாலும் அதுவே போதும். சில நாட்கள் நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று நிறுத்தங்கள் அதிகமானால், முதிர்ச்சிக் குறைவு என்று விட்டுவிடக் கூடாது. கிருமித்தொற்று, ரத்தச்சோகை, சர்க்கரைக் குறைவு, உடல் சூட்டில் மாற்றம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நிறைமாதக் குழந்தைக்கு ஆப்னியா வந்தால் அதற்கு எப்போதும் ஒரு காரணம் தேட வேண்டும்.

கேள்வி: வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை அழுகிறது, சத்தமே வரவில்லை. தொண்டை கெட்டுவிட்டதா? மெஷினில் தெரியும் எண்கள் என்ன?

குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, அதனால் ஒலி எழாது. குழாயை எடுத்த பின் சில நாட்கள் குரல் கரகரப்பாக இருந்து சரியாகும்.

எண்களில் முக்கியமானவை மூன்று நான்குதான். பி.ஐ.பி. என்பது மெஷின் மூச்சைத் தள்ளும்போது எட்டும் உச்ச அழுத்தம். பீப் என்பது மூச்சு வெளியேறிய பின்னும் மிஞ்சி நிற்கும் அழுத்தம், சிபாப் செய்யும் அதே வேலை. எஃப்.ஐ.ஓ.டூ என்பது காற்றில் ஆக்சிஜனின் பங்கு, சாதாரணக் காற்று 21 சதவீதம். டைடல் வால்யூம் என்பது ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவு, கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி. ஒரு கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சு என்பது ஏறத்தாழ ஒரு டீஸ்பூன் அளவு. கொஞ்சம் கூடிப் போனாலும் நுரையீரல் காயப்படும் என்பது இதிலிருந்தே புரியும்.

குழாய் உதட்டருகே எந்த எண்ணில் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை நர்ஸ் குறித்து வைப்பார். குழந்தையின் கிலோ எடையோடு 6-ஐக் கூட்டினால் வருவதுதான் தோராயமான ஆழம்: ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு 7 சென்டிமீட்டர். கழுத்து குனிந்தால் குழாய் உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் மேலே ஏறும். ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே வலது நுரையீரலுக்குள் மட்டும் போய்விடலாம். குழந்தையின் நிலை சட்டென்று மோசமானால், குழாய் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்ததா, மெஷினில் கோளாறா என்று இந்த நான்கையும்தான் டாக்டர்கள் உடனடியாகப் பார்ப்பார்கள்.

கேள்வி: சிபாப்பில் இருந்து எடுத்த மறுநாளே மீண்டும் போட்டுவிட்டார்கள். சிகிச்சை தோற்றுவிட்டதா?

இல்லை. பல குழந்தைகளுக்கு இரண்டு மூன்று முறை இப்படி ஆகும். சிபாப் இல்லாத ஒரு நாளில் எடை கூடாமல் மூச்சு விடுவதிலேயே சக்தி செலவாவதைவிட, மறுபடி போட்டு வளர விடுவது நல்லது. பிறந்த வாரத்தோடு வெளியே கழித்த வாரத்தைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். 28 வாரத்தில் பிறந்து 8 வாரம் ஆகியிருந்தால் இப்போது 36. அந்த 36-ஆவது வாரத்திலும் ஆக்சிஜனோ மூச்சுக் கருவியோ தேவைப்பட்டால் அதை பி.பி.டி., அதாவது குறைமாதக் குழந்தைகளின் நாள்பட்ட நுரையீரல் நோய் என்பார்கள். நுரையீரல் அதன் பிறகும் பல ஆண்டுகள் வளர்கிறது.

கேள்வி: சிபாப் குழாயோடு குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொள்ளலாமா?

நிலை சீராக இருந்தால் தாராளமாக. நர்ஸ் உடன் இருக்கும்போது, குழாயை உங்கள் துணியோடு ஒட்டிவிட்டு, குழந்தையின் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மோவாய் நெஞ்சில் மடங்காமல் வையுங்கள். வந்த ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். எடுத்து வைக்கும்போது ஆகும் அலைக்கழிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆகும். ஒரு மணி நேரமாவது இருங்கள். அப்பாவும் செய்யலாம்.

கேள்வி: வீட்டுக்குப் போன பிறகு மூச்சில் எதைக் கவனிப்பது?

குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் வயிற்றின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறும், இந்த வயதில் மூச்சு ஒரே சீராக இருக்காது. 40 முதல் 60 வரை சரி. இரண்டு முறை எண்ணியும் 60-க்கு மேல் இருந்தால், விலா குழிந்தால், முனகினால், பால் குடிக்கும்போது மூச்சு வாங்கி விட்டு விட்டுக் குடித்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். உதடு நீலமானாலோ மூச்சு நின்று தொட்டும் தொடராவிட்டாலோ அவசர உதவியை அழையுங்கள், உதவி வரும்வரை செய்ய வேண்டிய முதலுதவியை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள், அருகில் தலையணை வேண்டாம். சிகரெட் புகை அந்த வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது. சளி பிடித்தவர்கள் தூக்க வந்தால், யாராக இருந்தாலும், குணமான பிறகு வரச் சொல்லுங்கள்.