பழைய கேமராவுக்கு எந்த பேட்டரி? – கேள்வி பதில்

கீழக்கரை: அண்ணே, வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 இருக்கு. கடையில் கேட்டால் இதுக்கு பேட்டரியே வர்றதில்லைங்கிறாங்க.

கடைக்காரர் சொன்னது சரிதான் தம்பி. அதில் இருந்தது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி, இப்போது யாரும் செய்வதில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 வாங்குங்கள். அது பேட்டரி அறையைவிடக் குட்டை, ஒல்லி. அட்டையைச் சுருட்டிச் சுற்றிலும் திணித்து, மிச்ச நீளத்துக்கு டார்ச் லைட் ஸ்பிரிங் ஒன்று வையுங்கள். அந்த 0.4 வோல்ட் கூடுதலை இந்த கேமரா தாங்கும். செக் பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். பெட்டியில் பழைய பாதரச பேட்டரி கிடந்தால் தயவுசெய்து கடற்கரையில் வீசாதீர்கள். பாதரசம் மீனில் சேரும், நம் தட்டுக்கே திரும்பி வரும். 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை போட்டதே அந்த விஷத்துக்காகத்தான்.

ராமேசுவரம்: கேனோனெட்டில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டு தனுஷ்கோடியில் எடுத்தேன். ரோல் முழுக்க இருட்டு. கேமரா போச்சா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டர் பழைய 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது. 1.5 கொடுத்தால் இருக்கிற வெளிச்சத்தைவிட அதிகமாகக் காட்டும், லென்ஸ் துளை சுருங்கும். தனுஷ்கோடி மணலோ கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. அதையும் சாம்பல் நிறம் என்று நினைத்து மீட்டர் இன்னும் சுருக்கும். இரண்டு பிழையும் ஒரே பக்கம் இழுத்ததால்தான் இருட்டு.

காது மெஷினுக்குப் போடும் 675 பேட்டரி வாங்குங்கள். 1.4 வோல்ட், கிட்டத்தட்ட பழைய வோல்ட்டே. ஸ்டிக்கரை உரித்து ஓரிரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். விட்டம் சின்னது, சுற்றிலும் ஒரு ரப்பர் வாஷர் போதும். முதுகில் உள்ள பொடித் துளைகளை மட்டும் மூடிவிடக் கூடாது, அது மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். உரித்தபின் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில மாதத்தில் தீர்ந்துவிடும். ஊருக்குப் போகும் அன்று உரிப்பதே நல்லது.

ஆல்கலைனையே வைத்து ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவில் வைக்கும் ஃபிலிம் வேக எண்ணை, குறைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். அதன் வோல்ட் நாளுக்கு நாள் இறங்கும், இன்றைய கணக்கு அடுத்த மாதம் பொய்த்துப்போகும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தனுஷ்கோடி உச்சி வெயிலில் 200 ஃபிலிமுக்கு மீட்டரே வேண்டாம். லென்ஸ் துளை எஃப்16, ஷட்டர் 1/250 என்று கையால் வைத்து எடுங்கள், ஆள் முகமும் தெளிவாக வரும்.

மண்டபம்: என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக். அதுவும் இப்படித்தானா?

பயப்படாதீர்கள். அதில் பிரிட்ஜ் சர்க்யூட், வோல்ட் கொஞ்சம் மாறினாலும் மீட்டர் சரியாகச் சொல்லும். வாட்ச் கடையில் பொருந்தும் சில்வர் ஆக்சைடு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள். பேரில் எஸ்ஆர் என்று தொடங்கினால் சில்வர், எல்ஆர் என்றால் ஆல்கலைன். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று கையில் திணிப்பார், எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தொண்டி: பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி, ஓரத்தில் பச்சை.

வெள்ளை ஆல்கலைன் கசிவு, பச்சை உப்புக்காற்று தின்ற செம்பு. பொடியைத் தொட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடையுங்கள், உலர்ந்ததும் பென்சில் ரப்பரால் தகடு பளிச்சென்று ஆகும்வரை தேயுங்கள். ஒரே ஒரு ஐப்பசி மழையில் பேட்டரியை எடுக்க மறந்து நான் ஒரு மீட்டரைப் பறிகொடுத்திருக்கிறேன். தகடு பளிச்சிட்ட பிறகும் மீட்டர் முள் அசையவில்லை என்றால் உள்ளே போகும் ஒயர் பச்சை பூத்திருக்கும். அதை வெட்டி புது ஒயர் பற்றவைக்கச் சொல்லுங்கள்.