புகைதான் ஊர்

அன்புள்ள ஐயா,

டென்வரிலிருந்து கிழக்கே காரில் போனபோது கான்ஸாஸ் மாநிலத்தில் நிக்கோடிமஸ் என்ற சிற்றூரைப் பார்த்தோம். கறுப்பின மக்கள் 1877இல் அமைத்த ஊராம். பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டோம். குடியேற அழைத்த துண்டறிக்கையை நம்பி வந்து ஏமாந்த அப்பாவிகள் என்றே தோன்றியது. இந்த ஊரை உண்மையில் நிறுவியது யார்? பெயர் எங்கிருந்து வந்தது?

மகேந்திரன்

அன்புள்ள மகேந்திரன்,

ஒரு வாரமாக இந்த ஊர்தான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது; அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பெயரை விவிலியத்திலிருந்து எடுத்தார்கள் என்பார்கள், கதைகளில் வரும் ஓர் அடிமையின் பெயர் என்பாரும் உண்டு. எதுவானால் என்ன, விடுங்கள். நிறுவியவர்கள் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார மனைத் தரகர், டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர், இன்னும் சிலர். குறித்துக்கொண்டீர்களா? போதும்.

'ஏமாந்த அப்பாவிகள்' என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அடிமைத்தளை அறுந்து பன்னிரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் கிளம்பிவந்த கென்டக்கி மாநிலத்தில் ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. அன்றிருந்த 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கரில் ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் அது உங்களுடையது. இதைக் கேட்டுக் கிளம்பியவரை அப்பாவி என்பீர்களா?

1878 வசந்தத்தில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண் அங்கே வந்தார். கணவரும் போதகர்தான். வழியில் எல்லிஸ் என்ற ஊரில் தட்டம்மை கண்டு அந்தக் கூட்டத்தில் குழந்தைகள் இறந்தன. பிறகு சாலையில்லாத புல்வெளியில் திசைகாட்டியை நம்பி வண்டிப் பயணம். ஊர் வந்துவிட்டது என்று மற்றவர்கள் கூவ, எங்கே, காணோமே என்று இவர் கேட்டார். தரையிலிருந்து எழுந்த புகையைக் கணவர் காட்டினார். அதுதான் நிக்கோடிமஸ். அழுதுவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மரமில்லாத நிலம். சரிவைக் குடைந்து, மேலே கொம்பும் புல்மண்ணும் போட்ட குழிகளில்தான் குடும்பங்கள் இருந்தன. அடுப்புக்குச் சூரியகாந்தித் தண்டும் காட்டெருமையின் காய்ந்த சாணமும். குதிரை இல்லாதவர்கள் மண்வெட்டியால் கொத்திப் பயிரிட்டார்கள். முதல் குளிர்காலத்தில் ஓசேஜ் பழங்குடி வேட்டைக்காரர்கள் இறைச்சி கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 60 குடும்பங்கள் திரும்பிவிட்டன. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அழுதபின் அந்தக் குழிக்குள் இறங்கிப் பாயை விரித்தவரைக் கேட்டால் ஊரின் தொடக்கத்தைச் சொல்லியிருப்பார். நீங்களோ மனைத் தரகரைத் தேடுகிறீர்கள்!

உங்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நானும் ஒருமுறை அங்கே போய், 1939இல் கட்டிய சுண்ணாம்புக்கல் மன்றத்தைப் பார்த்துவிட்டுக் கால் மணி நேரத்தில் காருக்குத் திரும்பியவன்தான். என் மனைவி மட்டும் வரவில்லை. புல் மூடிய ஒரு பள்ளத்தருகே நின்றுகொண்டிருந்தாள். "மழை பெய்தால் அடுப்பை எந்த மூலைக்கு நகர்த்தியிருப்பார்கள்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எரிச்சலில், "வெயில் ஏறுகிறது, வா" என்றேன்.

1888இல் ரயில் இந்த ஊரை விட்டுவிட்டு ஆற்றின் தென்புறமாகப் போனது, கடைகள் போக் என்ற ஊருக்குப் பெயர்ந்தன என்பதெல்லாம் பலகையிலேயே இருந்திருக்கும். அடுத்த முறை ஜூலைக் கடைசியில் போங்கள். வெளியூர்களில் இருக்கும் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் அப்போது ஊர் திரும்புகிறார்கள். யாராவது ஒரு பாட்டியிடம் அந்த அடுப்பைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். என் மனைவி இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.