ஸ்ட்ராஸ்பர்க்கின் முழங்கை – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸை 2019-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ் வென்றது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எனக்கு பேஸ்பால் அவ்வளவாகத் தெரியாது, கிரிக்கெட்தான். ஆனாலும் அந்த அணியின் பிட்சர் (பந்து எறிபவர்) ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் பற்றிய பகுதி மனதை விட்டுப் போகவில்லை. அதில் ஒரு இடத்தில், 2012-ல் நேஷனல்ஸ் அணி, அறுவை சிகிச்சை ஆன அவர் கையைக் காப்பதற்காக அவரை சீசன் முடியும் முன்பே நிறுத்திவைத்தது சரிதான் என்று 2019 நிரூபித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

2025-ல் இங்கிலாந்து தொடருக்கு முன்பே, ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் பும்ரா ஆடுவார் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குத் தாங்கவில்லை. ஆட முடிகிறவனை ஏன் உட்காரவைக்க வேண்டும்? அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு வந்த என் அலுவலக நண்பர்தான், "இதைவிடப் பெரிய கூத்து அங்கே நடந்திருக்கிறது" என்று 2012 கதையைச் சொன்னார்.

ஏழு வருடம் கழித்து வந்த கோப்பை, ஏழு வருடத்துக்கு முன் எடுத்த முடிவுக்கு எப்படிச் சாட்சியாகும்? சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும், 2019-க்குப் பிறகு அவர் கை மொத்தமாகப் போய்விட்டதே, அது எதற்குச் சாட்சி? நீங்கள் அந்த நிர்வாகியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

நீங்கள் சொல்வது சரி. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. கோப்பை கைக்கு வந்த சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். ஆனால் 2012 முடிவைப் பற்றி எனக்கு இன்றும் ஒரு திடமான கருத்து உண்டு. அது உங்கள் நண்பருடையதும் அல்ல, அந்தக் கட்டுரையில் நான் எழுதியதும் அல்ல. விளையாட்டு தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் நடந்ததைக் கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

நேஷனல்ஸ் 2005-ல் மான்ட்ரியாலிலிருந்து வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து வந்த அணி. 2008, 2009 இரண்டு வருடமும் நூறு ஆட்டங்களுக்கு மேல் தோற்றது. அப்போதெல்லாம் அங்கே கடைசியில் நின்ற அணிக்கு அடுத்த வருடம் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை கிடைத்தது. அப்படித்தான் 2009-ல் ஸ்ட்ராஸ்பர்க்கும் 2010-ல் பிரைஸ் ஹார்ப்பரும் வந்தார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கின் முதல் ஆட்டம் 2010 ஜூன் 8, பிட்ஸ்பர்க் அணிக்கு எதிராக. ஏழு இன்னிங்ஸ், 14 ஸ்ட்ரைக் அவுட், ஒரு வாக் கூடக் கிடையாது. (அங்கே ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒரு இன்னிங்ஸுக்கு ஓர் அணிக்கு மூன்று அவுட். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட், அதுதான் ஸ்ட்ரைக் அவுட். பிட்சர் நான்கு பந்தைத் தவறாக எறிந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவார், அதுதான் வாக்.) தோல்விக்கே பழகிப்போன ஊருக்கு அந்த ஒரு மாலை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பதினொரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்ட் 21, ஃபிலடெல்ஃபியா. ஒரு பந்தை எறிந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை உதறினார். முழங்கையின் உள்பக்கத் தசைநார் கிழிந்திருந்தது. அதற்குச் செய்வதுதான் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974-ல் ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர், டாமி ஜான் என்ற பிட்சரின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கையில் கட்டினார். மறுபடி எறிய நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று சொல்லித்தான் செய்தார். அந்த மனிதர் திரும்பி வந்து அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்கள் ஜெயித்தார்! (அங்கே அணியின் வெற்றி தோல்வியை ஒரு பிட்சரின் கணக்கில் எழுதுவார்கள்.) இன்று பிட்சர்கள் எத்தனையோ பேர் கையில் இந்தத் தழும்பு இருக்கிறது. ஆனால் திரும்பி வந்த முதல் முழு வருடத்தில் அந்தக் கை எவ்வளவு தாங்கும் என்பதற்குத் தெளிவான கணக்கு யாரிடமும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஸ்டார்ட்டர் என்பவர் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சர். ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை அவர் முறை வரும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நூறு பந்து எறிவார். வருடத்துக்கு 162 ஆட்டம். காயமில்லாத நல்ல பிட்சர் 200 இன்னிங்ஸ் வரை போவார். 2012 சீசன் தொடங்கும்போதே ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸ்ஸோ, ஸ்ட்ராஸ்பர்க்கை ஏறக்குறைய 160 இன்னிங்ஸோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அது புதுக் கணக்கும் அல்ல. அதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஜோர்டன் ஸிம்மர்மனை 2011-ல் 161 இன்னிங்ஸில் நிறுத்தியிருந்தார்கள். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வருடம் நேஷனல்ஸ் 80 ஆட்டம் மட்டுமே ஜெயித்த அணி. அக்டோபரில் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃபுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை.

2012-ல் அந்த அணி ஜெயிக்கத் தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் காயத்துக்குக் குறைவில்லை. ரயன் ஸிம்மர்மன் (இவர் வேறு ஸிம்மர்மன், பேட்டர்) தோளைப் பிடித்துக்கொண்டு காயப் பட்டியலுக்குப் போனார், அந்த இடத்தில்தான் 19 வயது ஹார்ப்பரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். மே மாதம் ஜேசன் வெர்த்துக்கு மணிக்கட்டு உடைந்தது. கேட்சர் வில்சன் ராமோஸுக்கு முழங்கால் போனது. குளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் பிட்சர், ட்ரூ ஸ்டோரன் முழங்கை ஆபரேஷனுக்குப் பிறகு ஜூலையில்தான் வந்தார். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு 98 வெற்றி, அந்த வருடம் லீக் முழுவதிலும் அதுதான் அதிகம். வாஷிங்டன் நகரத்து அணி ஒன்று அக்டோபரில் ஆடப்போவது 1933-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஸ்ட்ராஸ்பர்க் 15 ஆட்டம் ஜெயித்திருந்தார், 197 ஸ்ட்ரைக் அவுட். செப்டம்பர் 7-ம் தேதி மயாமி அணியிடம் மூன்றே இன்னிங்ஸில் ஐந்து ரன் கொடுத்தார். அவருக்கு இன்னும் ஒரு ஆட்டம் தருவதாகத் திட்டம் இருந்தது. அதையும் வேண்டாமென்று மறுநாளே நிறுத்திவிட்டார்கள். 159 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். பிளே ஆஃபிலும் கிடையாது.

அப்புறம் அக்டோபர் 12. இங்கே சனிக்கிழமை காலை. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸோடு ஐந்தாவது ஆட்டம், ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்கு. மூன்று இன்னிங்ஸ் முடிவில் நேஷனல்ஸ் 6–0. நான் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒன்பதாவது இன்னிங்ஸில் 7–5. இரண்டு அவுட் ஆகிவிட்டது. இரண்டு பேட்டர்களிடம், ஒருவர் பின் ஒருவராக, இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் போதும் என்ற நிலை வந்தது. இருவருமே வாக் வாங்கிப் போனார்கள். அடுத்து டெஸ்கால்ஸோ சமன் செய்தார், கோஸ்மா இரண்டு ரன் அடித்தார். 9–7, முடிந்தது. ஸ்டோரனின் முகம் எனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

ஸ்ட்ராஸ்பர்க் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று உங்கள் நண்பர் சொல்லியிருப்பார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். இருக்கலாம். 12–4, 8–0 என்று இரண்டு ஆட்டம் படுமோசமாகத் தோற்றார்கள், அதில் ஒன்றிலாவது அவர் நின்றிருந்தால் கதை மாறியிருக்கும். ஆனால் அவர் இல்லாததால் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்பு கிடைத்த ராஸ் டெட்வைலர் ஆறு இன்னிங்ஸில் ஒரே ரன்தான் கொடுத்தார். அந்தத் தொடரில் நேஷனல்ஸ் பக்கம் மிகச் சிறந்த பிட்சிங் அதுதான். கடைசி ஆட்டம் கைநழுவியது புல்பென்னில். அதாவது ஸ்டார்ட்டர் இறங்கியபின் வருகிறவர்களிடம்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். தவறு செப்டம்பரில் நடக்கவில்லை, ஏப்ரலில் நடந்தது.

160 இன்னிங்ஸ்தான் இருக்கிறது என்று முன்பே தெரியும். அதை ஏப்ரல் முதல் வாரத்திலிருந்தே சாதாரணமாகச் செலவழித்தால் எப்போது தீரும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம். 28 ஆட்டங்கள் தொடங்கினார், செப்டம்பர் முதல் வாரத்தில் தீர்ந்துவிட்டது. அதே வருடம், அதே பிரிவில், அட்லாண்டா என்ன செய்தது பாருங்கள். கிரிஸ் மெட்லனுக்கும் 2010-ல் இதே அறுவை சிகிச்சைதான். அவரை ஜூலை வரை புல்பென்னில் வைத்து, ஒன்றிரண்டு இன்னிங்ஸாக எறியவிட்டார்கள். ஜூலை 31-ல்தான் ஸ்டார்ட்டராக இறக்கினார்கள். அந்த வருடம் அவர் 10 வெற்றி, 1 தோல்வி. அக்டோபரில் அட்லாண்டாவின் அந்த ஒற்றை வைல்டு கார்டு ஆட்டத்தை (பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளுக்கான வாழ்வா சாவா ஆட்டம்) அவர்தான் தொடங்கினார். தோற்றார்கள், அது வேறு. தேவைப்பட்ட நாளில் அவர் கையில் இன்னிங்ஸ் மிச்சம் இருந்தது.

ரிஸ்ஸோவிடம் இதற்குப் பதில் இருந்தது. நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவது, பழகிய ஒழுங்கை மாற்றுவது, இதெல்லாம் ஆபத்து என்றார். இன்னொரு பக்கமும் உண்டு: நேஷனல்ஸ் அட்லாண்டாவைவிட நான்கே ஆட்டம்தான் முன்னால் முடித்தது. ஏப்ரல், மே மாதங்களில் ஸ்ட்ராஸ்பர்க்கை ஒதுக்கியிருந்தால் அந்த நான்கு ஆட்டம் போயிருக்கலாம். அந்த ஒற்றை வைல்டு கார்டு ஆட்டத்தில் இவர்களே நின்றிருக்கலாம். இதையெல்லாம் ஒப்புக்கொண்டும், மே நடுவில் தொடங்கவைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். உண்மையில் அவர்கள் யாரும் அக்டோபரை எதிர்பார்க்கவே இல்லை. தோற்றுப் பழகிய அணி போட்ட திட்டம் அது.

ஆனால் ஏப்ரல் போய்விட்டது, செப்டம்பர் வந்துவிட்டது, இன்னிங்ஸ் தீர்ந்துவிட்டது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால்? நானும் நிறுத்தியிருப்பேன். 160 என்ற எண் ஒரு யூகம்தான். ஆனால் யூகம் பொய்த்தால் யாருக்கு என்ன போகும் என்று பார்க்க வேண்டும். அணிக்குப் போவது ஒரு அக்டோபர். 24 வயதுப் பையனுக்குப் போவது கை.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அந்த முடிவில் அவருக்குப் பங்கே இல்லை. டாக்டர்கள், நிர்வாகம், ஏஜென்ட் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. அவருக்கு அதில் சம்மதமில்லை, வருத்தப்பட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சரியான முடிவாகவே இருந்தாலும், கைக்குச் சொந்தக்காரனைக் கடைசியில் கூப்பிட்டுச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் பார்க்க வேண்டும். நியூயார்க் மெட்ஸ் அணியின் மேட் ஹார்வி. 2013-ல் இதே அறுவை சிகிச்சை. 2015-ல் திரும்பி வந்தார். 180-க்கு மேல் போகக் கூடாது என்று ஏஜென்ட் சொன்னார், அதே ஸ்காட் போராஸ்தான், ஸ்ட்ராஸ்பர்க்கின் ஏஜென்ட்டும் அவரே. ஹார்வி ஆடினார். பிளே ஆஃபையும் சேர்த்து 216 இன்னிங்ஸ். வேர்ல்ட் சீரீஸ் ஐந்தாவது ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் எறிந்துவிட்டு, ஒன்பதாவதும் நானே என்று அடம்பிடித்தார். மேனேஜர் டெரி காலின்ஸ் மனம் இளகி விட்டுக்கொடுத்தார். 2–0 முன்னிலை போனது, ஆட்டம் போனது, கோப்பையும் போனது. அடுத்த வருடம் ஜூலையில் அவருக்குத் தோளருகே அறுவை சிகிச்சை. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும் நோய். பழைய ஹார்வி திரும்பவே இல்லை.

ஸ்ட்ராஸ்பர்க்கின் கையைக் கடைசியில் முடித்ததும் அதே நோய்தான். 2021-ல் ஒரு விலா எலும்பையே எடுத்துவிட்டார்கள். பொத்திப் பாதுகாத்த கைக்கும் பாதுகாக்காத கைக்கும் ஒரே முடிவு என்று தோன்றும். மெட்லனையும் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவு கவனமாக வைத்திருந்தும் 2014 மார்ச்சில் அவர் முழங்கை மறுபடி கிழிந்தது. ஆனால் நடுவில் கிடைத்த வருடங்களைப் பாருங்கள். ஹார்விக்கு அந்த ஒரு வருடம். ஸ்ட்ராஸ்பர்க் 2014-ல் 242 ஸ்ட்ரைக் அவுட், 2017-ல் 15 வெற்றி 4 தோல்வி, 2019-ல் 209 இன்னிங்ஸ். இடையிடையே காயமும் இருந்தது, மறைக்கவில்லை. 2012-ல் நிறுத்தியதால்தான் இதெல்லாம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் திருத்தியபின் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நிறுத்தியதால் எதுவும் கெடவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

2019-க்குப் பிறகு ஏழு வருடத்துக்கு 245 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அதில் அவர் ஆடியது எட்டே ஆட்டம், 31 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். கடைசி ஆட்டம் 2022 ஜூன் 9, 2024-ல் ஓய்வு அறிவிப்பு. அந்தப் பணம் வீண் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2019 அக்டோபரில் ஐந்து ஆட்டம் ஜெயித்தார், ஒன்றுகூடத் தோற்கவில்லை. அந்தக் கையில் மிச்சம் இருந்ததையெல்லாம் அந்த ஒரு மாதத்தில் கொடுத்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நேரம் கிடைத்தால் அந்த வருட வேர்ல்ட் சீரீஸ் ஆறாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள், ஹூஸ்டனில் நடந்தது. முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் கொடுத்துவிடுவார். என்ன பந்து வரப்போகிறது என்பதைப் பந்தைப் பிடிக்கும் விதத்திலேயே காட்டிக்கொடுக்கிறார் என்று பிட்சிங் கோச் பால் மென்ஹார்ட் வந்து சொல்வார். அதன் பிறகு ஒவ்வொரு பந்துக்கு முன்பும் கையுறையை ஆட்டி ஆட்டி மறைத்துக்கொண்டே எறிவார். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் எடுத்துவிட்டு அவர் இறங்கும்வரை ஹூஸ்டனால் இன்னொரு ரன் எடுக்க முடியவில்லை.