போனைக் கையிலிருந்து வாங்கினால் தட்டு பறக்கிறது: நான்கு வயதுக் கோபத்தை என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். பள்ளியில் சமர்த்து என்கிறார்கள். வீட்டில் போனைக் கையிலிருந்து வாங்கினால் போதும், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறான், என்னை அறைகிறான், தரையில் புரண்டு கத்துகிறான். என் கணவர் ரெண்டு போடு போடுவார். மாமியார், "பச்சைப் பிள்ளையை அழ விடாதே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் என்ன செய்வது? (வாசகி, திருப்பூர்)

பதில்: பள்ளியில் சமர்த்து என்று நீங்கள் எழுதியிருப்பது நல்ல செய்தி. தன்னை அடக்கிக்கொள்ளும் திறமை அவனிடம் முளைத்துவிட்டது. ஆனால் அது இன்னும் பிஞ்சு. கோபத்துக்குக் கடிவாளம் போடும் மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது, அது முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதை ஒட்டி ஆகிவிடும். பகலெல்லாம் டீச்சர் முன்னால் அடக்கியிருந்தவன் அம்மாவைப் பார்த்ததும் அவிழ்த்துவிடுகிறான். தவிர, பள்ளியில் எவ்வளவு கத்தினாலும் யாரும் போன் தரப்போவதில்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் ஒரே அழுகைக்கு மூன்று பேரிடமிருந்து மூன்று பதில் வருகிறது. முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். பாட்டி தினமும் போனைக் கொடுத்தால்கூட இவ்வளவு சிக்கல் இல்லை. சில நாள் கிடைக்கிறது, சில நாள் இல்லை என்பதுதான் வம்பு. எப்போதாவது விழும் பரிசுதானே லாட்டரி வாங்குகிறவரை விடாமல் வாங்க வைக்கிறது? அவனும் இன்னும் கொஞ்சம் கத்திப் பார்க்கிறான்.

மூவரும் அவன் தூங்கிய பிறகு உட்கார்ந்து ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்: கத்தினால் போன் வராது, அடியும் வராது. இதைத் தொடங்கியதும் முதல் சில நாட்கள் ரகளை கூடும். முன்பு பலித்த வழி பலிக்கவில்லை என்றதும் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பான். மாமியாரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மனம் இளகிக் கொடுத்துவிடுவார். அப்புறம் "இவ்வளவு கத்தினால் கிடைக்கும்" என்று அவன் புது அளவு கற்றுக்கொள்வான்.

அடி விஷயத்தில் உங்கள் கணவரிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். 1961-ல் ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டூரா குழுவினர் சிறுவர்கள் கண்முன் பெரியவர் ஒருவரைக் காற்றடைத்த பொம்மையை அடிக்க வைத்தார்கள். பிறகு அப்படிப்பட்ட பொம்மை இருந்த அறைக்குள் விடப்பட்ட அந்தக் குழந்தைகளில் பலர் அதை அதே மாதிரி அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளோடு சேர்த்து. "கை நீட்டாதே" என்று சொல்லிக்கொண்டே அடிக்கும் அப்பாவிடம் பிள்ளை கற்பது கை நீட்டத்தான். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இவன் ஒரு வயதில் இருந்தபோது "தாத்தாவை ஒரு அடி போடு பார்க்கலாம்" என்று சொல்லி, அவன் அடித்ததும் வீடே சிரித்திருக்கிறதா? விழுந்தபோது "தரைதானே தள்ளிவிட்டுச்சு" என்று தரைக்கு ரெண்டு அடி கொடுத்தீர்களா? நம் வீடுகளில் வெகு சகஜம். வலித்தால் எதையாவது அடிக்க வேண்டும் என்ற பாடம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. இதே காரணத்தால் கோபம் தீரத் தலையணையைக் குத்தச் சொல்லும் யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. குத்தினால் கோபம் ஆறும் என்பது ஆய்வுகளில் நிற்கவில்லை.

சரி, தட்டு பறக்கும் அந்த நிமிடத்தில்? தட்டையும் டம்ளரையும் தள்ளி வையுங்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, ஓங்கிய கையை வலிக்காமல் பிடித்துக்கொண்டு, "போனை வாங்கினது உனக்குக் கோபம். கோபப்படலாம். அடிக்க விடமாட்டேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு வேண்டாம். "ஏன்டா இப்படிப் பண்றே?" என்ற கேள்விக்கு அந்த நேரத்தில் அவனிடம் பதில் கிடையாது. பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் யாரையும் துணைக்கு அழைக்காதீர்கள். பயத்தில் அழுகை நிற்கலாம், ஆனால் கோபத்தை அடக்கும் வழி அவனுக்குத் தெரியாது.

பக்கத்திலேயே இருந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கோபம் சட்டென்று உச்சிக்குப் போய் இறங்கிவிடும், அழுகையில் துக்கம் மட்டும் மிஞ்சும். வீறிடல் தேய்ந்து விம்மலாக மாறுவது நன்றாகவே கேட்கும். தூக்க வேண்டிய நேரம் அதுதான். அந்த வேலையை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள். மடியில் போட்டுத் தட்டிக்கொடுக்கட்டும், தண்ணீர் கொடுக்கட்டும். போன் மட்டும் வரக்கூடாது. ஆறிய பிறகு, சிந்திய சோற்றை அவனும் உங்களோடு சேர்ந்து அள்ளட்டும். திட்டிக்கொண்டே அள்ள வைக்காதீர்கள்.

கற்றுக்கொடுப்பதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான். சூடான பாலை ஊதுவது போல நீளமாக ஊதப் பழக்குங்கள், சோப்புக் குமிழி இன்னும் நல்லது. ஊதும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். எரிச்சல், ஏமாற்றம், பொறாமை, பசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். "பஸ் போயிடுச்சு, அம்மாவுக்கு எரிச்சலா இருக்கு, கொஞ்சம் ஊதிக்கிறேன்" என்று நீங்களே அவன் காதில் விழச் செய்து காட்டினால் போதும், பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குக் கத்தினான், அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு என்ன கிடைத்தது. அமெரிக்க உளவியலாளர் ஃப்ளாரன்ஸ் குடினஃப் தாய்மார்களை இப்படி எழுத வைத்து 1931-ல் புத்தகமே வெளியிட்டார். பசி, களைப்பு, உடம்புக்கு முடியாதது, இவற்றை ஒட்டித்தான் கோபம் கூடியது. உங்கள் நோட்டிலும் சாயங்காலம்தான் நிறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேன் விட்டு இறங்கியதும் ஒரு வாழைப்பழமோ சுண்டலோ கொடுங்கள், கேள்வியெல்லாம் அப்புறம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். அப்பா வரட்டும், சீரியல் முடியட்டும் என்று பதினொரு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழும் பிள்ளைக்கு எந்த யோசனையும் பலிக்காது.

போன் எப்போது கைக்குப் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. பறப்பது சாப்பாட்டுத் தட்டு என்பதால், ஊட்டும்போதுதான் என்று ஊகிக்கிறேன். அந்த முடிச்சை முதலில் அவிழுங்கள்: சாப்பாட்டு நேரத்தில் யார் கையிலும் போன் இல்லை, பெரியவர்கள் உட்பட. ரெண்டு வாய் குறைவாகச் சாப்பிட்டால் குடி முழுகிவிடாது. மற்ற நேரத்தில், 2 முதல் 5 வயது வரை எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை நிறுத்திவிடுங்கள். பாதியில் பிடுங்காமல், "இந்தப் பாட்டு முடிஞ்சதும் நீயே ஆஃப் பண்ணு" என்று சொல்லி, அணைக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள். அணைத்த கையோடு செய்ய ஒரு வேலை தயாராக இருக்கட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதானாலும் சரி.

சில விஷயங்களுக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ரகளைகள் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அரை மணி நேரத்தை நெருங்கியும் அடங்கவில்லை, தன்னையே கடித்துக்கொள்கிறான், தலையை முட்டிக்கொள்கிறான், பேச்சு வயதுக்குத் தக்கபடி இல்லை, காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம், குறட்டை விட்டுத் தூங்குகிறான், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அழும்போது மூச்சு நின்று உதடு நீலமானால் குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தத்தில் இரும்புச்சத்தும் பாருங்கள், அது குறைந்தால் இப்படி வருவதுண்டு. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் குழந்தையின் வளர்ச்சியை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அவன் தூங்கிய பிறகு உங்களுக்கே அழுகை முட்டிக்கொண்டு வருகிற நாட்கள் இருந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள்.