ஒன்றரை வயதுக் குழந்தையோடு மதுரையிலிருந்து காரில் மலைப்பக்கம் மூன்று நாள் போய்வர எப்படித் திட்டமிடலாம்?

பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் இருக்கிறது, கொடைக்கானல், மூணாறு, தேக்கடி மூன்றையும் காரிலேயே பார்த்துவிட்டு வந்துவிடலாமா, 18 மாதக் குழந்தை தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். தேக்கடி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கம்பம் பள்ளத்தாக்கு வழியாக நின்று நின்று போங்கள். மதுரையிலிருந்து கைக்குழந்தையோடு போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு தடவை போனதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் தடவை கொடைக்கானல் போனோம். பாப்பாவுக்கு அப்போது 14 மாதம். வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டுக் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் ஏற ஆரம்பித்தால் ஊர் போய்ச் சேர ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வளைவுதான். ஏறிய கொஞ்ச நேரத்திலேயே பாப்பா கொட்டாவி விட ஆரம்பித்தாள், ஒன்று மாற்றி ஒன்று. தூக்கம் வருகிறதாக்கும் என்று நாங்கள் பாட்டைக்கூட நிறுத்திவிட்டோம். அது தூக்கம் இல்லை. பேசத் தெரியாத குழந்தைக்குக் குமட்டல் வரப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்: கொட்டாவி, முகம் வெளுப்பது, நெற்றியில் வேர்ப்பது, விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று அமைதியாகிவிடுவது. மேலே போவதற்குள் மூன்று தடவை வாந்தி. போய்ச் சேர்ந்தபோது துவண்டு போய் என் தோளில் கிடந்தாள். ஏரியைக் காரில் இருந்தபடியே பார்த்தோம். மறுநாள் காலையில் திரும்பிவிட்டோம்.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு ஆடுகிறது என்கிறது. சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரட்டுகிறது. இரண்டு வயதுக்கு மேல்தான் இது அதிகம் என்றார் எங்கள் டாக்டர். ஆனால் சில குழந்தைகளுக்கு முன்னாலேயே வந்துவிடும், எங்கள் பாப்பா அந்த வகை. பெரியவர்கள் போடும் வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். புரோமெத்தசின் மாதிரியான மருந்துகளை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது. எது கொடுப்பதானாலும் குழந்தையைப் பார்க்கும் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு நான் ஊரைப் பார்த்துத் திட்டம் போடுவதை விட்டுவிட்டேன். எத்தனை நிமிடம் வளைவில் போகிறோம் என்றுதான் முதலில் பார்ப்பேன். மூணாறு போக போடிமெட்டு ஏற வேண்டும், 17 கொண்டை ஊசி வளைவு. அதற்கப்புறமும் பூப்பாறை, தேவிகுளம் என்று மலைப்பாதைதான். மேகமலைக்கு 18 வளைவு, சாலையும் குறுகல். தேக்கடியை ஒட்டிய ஊரான குமுளிக்கோ, மலையடிவார லோயர்கேம்ப் வரை சமதளம். அதற்கு மேல் மலை ஏறுவது இருபது நிமிடம்தான். அதே நேரம், ஆண்டிப்பட்டிக் கணவாயைத் தாண்டியதிலிருந்து மலை உங்களைவிட்டு விலகாது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் நெல் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும். மலை ஏறாமலே மலை பார்க்கலாம். குழந்தையோடு போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று போனால்தான் தெரியும்.

மதுரையிலிருந்து தேனி ஏறக்குறைய 75 கிலோமீட்டர், குமுளி சுமார் 135. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று போன் காட்டும். நீங்கள் ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டாவது தடவை போனபோது பாப்பாவுக்கு 20 மாதம். அத்தையும் வந்தார். விடிகாலை ஐந்தரைக்கு, தூங்குகிற குழந்தையை ராத்திரிச் சட்டையோடே தூக்கிக் குழந்தை சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பினோம். பால் கொடுக்கவில்லை, உசிலம்பட்டியில் எழுந்த பிறகுதான் கொடுத்தோம். அந்த முதல் ஒரு மணி நேரம் சும்மா கிடைத்த மாதிரி.

சீட் விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், அன்பாகத்தான் சொல்வார்கள். அத்தையும் சொன்னார். செக்கானூரணி தாண்டியதும் சாலையின் குறுக்கே ஓர் ஆட்டு மந்தை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்ததில், சீட்டில் கிடந்த பிளாஸ்க் பறந்து போய் முன்னால் கண்ணாடிக்குக் கீழே மோதியது. பாப்பா பெல்ட்டுக்குள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை பிளாஸ்க்கைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், அப்புறம் மடியைப் பற்றிப் பேசவே இல்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காகச் சொல்லவில்லை, அந்த பிளாஸ்க்குக்காகச் சொல்கிறேன்.

புது சீட்டில் கிளம்புகிற அன்றைக்கே உட்காரவைத்தால் கத்துவார்கள். இரண்டு வாரம் முன்னாலேயே ஹாலில் கொண்டுவந்து போட்டுவிடுங்கள், அதில் உட்காரவைத்துச் சோறு ஊட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவில் வரை போய்வாருங்கள், 20 கிலோமீட்டர் போல்தான். அங்கே கையில் வாழைப்பழம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், குரங்கு விடாது. இரண்டு வயது வரைக்கும் சீட் பின்பக்கம் பார்த்து இருப்பதுதான் கழுத்துக்குப் பாதுகாப்பு. அதில் எங்களுக்குத் தோன்றாமல் போன ஒன்று: காலையில் மேற்கே போகிறோம், வெயில் முதுகுக்குப் பின்னால்தானே என்று இருந்தோம். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த பாப்பாவுக்கு அது நேராக முகத்தில் அடித்தது. பின் கண்ணாடிக்கும் பக்கவாட்டுக் கண்ணாடிக்கும் வலைத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டி தாண்டியதும் அழ ஆரம்பித்தாள். பால், பிஸ்கட், பொம்மை எதற்கும் அடங்கவில்லை. "பசியில அழுகலத்தா. தரையில கால் ஊன்டணும்னு அழுகுது, எறக்கி விடு" என்றார் அத்தை. வண்டியை ஓரங்கட்டி ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டோம். செருப்பில்லாமல் மண்ணில் நின்றாள், ஒரு காய்ந்த புளியம்பழ ஓட்டை எடுத்து நசுக்கினாள், அந்தச் சத்தத்துக்குச் சிரித்தாள். பத்து நிமிடம் ஓடு பொறுக்கிவிட்டுத் தானாக வந்து கையைத் தூக்கினாள். அதிலிருந்து அழுதாலும் அழாவிட்டாலும் முக்கால் மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தினோம். அழுத பிறகு நிறுத்துவதற்கும் அழுவதற்கு முன்னால் நிறுத்துவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

முதல் பெரிய நிறுத்தமாக வைகை அணையை வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிப்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். 1959-இல் திறந்த அணை, முழுக் கொள்ளளவு 71 அடி. இந்த 71 அடிக் கணக்கைப் பத்திரிகையில் பார்த்துத்தானே நாம் மதுரையில் தண்ணீர் வருமா வராதா என்று தெரிந்துகொள்கிறோம். கீழே பூங்காவில் புல்தரை நிறைய. காலை வெயில் ஏறுமுன் அங்கேயே இட்லியைப் பிரித்துவிடலாம். பொடி வேண்டாம், நெய் தொட்ட இட்லி போதும். சாப்பிட்டதும் வண்டியில் ஏற்றாமல் அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.

தேனியைத் தாண்டி வீரபாண்டியில் கோவிலை ஒட்டி முல்லைப் பெரியாறு ஓடுகிறது. தண்ணீர் திறந்திருக்கிற நாளில் இழுப்பு அதிகம், கரையில் நின்று பார்ப்பதோடு சரி. அப்புறம் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். நீங்கள் போவது இந்த ஆற்றை எதிர்த்து. பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்து வருகிற தண்ணீர்தான் லோயர்கேம்ப்பில் ராட்சதக் குழாய்களில் இறங்கி, இந்தப் பள்ளத்தாக்கில் ஓடி, வைகை அணைக்கு வந்து, நம் மேலூர் வயல் வரை பாய்கிறது. சின்னக் குழந்தைக்கு இது புரியாது. ஆனால் அத்தை மேலூர்ப்பக்கத்துக்காரர், பெரியாற்றுக் கால்வாயில் குளித்து வளர்ந்தவர். லோயர்கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தின் முன்னால் பாப்பாவின் கையைப் பிடித்துக் கும்பிடவைத்தார். எனக்கு அந்தப் பயணத்தில் மனதில் நிற்பது அதுதான்.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் இடையில் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்காமல் போகாதீர்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போனோம். மருந்து அடித்திருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டுதான் குழந்தையை இறக்க வேண்டும். பந்தல் எங்களுக்குத் தலையில் தட்டும் உயரம், பாப்பாவுக்கு அது ஒரு பெரிய பச்சை மண்டபம். இலை இடுக்கில் வெயில் பொட்டுப் பொட்டாக மண்ணில் விழுந்தது, அதைக் கையால் பிடிக்கப் பார்த்துக்கொண்டே வரிசையின் அந்தக் கடைசி வரை போனாள். பழத்தை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். முழுத் திராட்சை இந்த வயதில் தொண்டையை அடைத்துவிடும் அளவுதான். நன்றாகக் கழுவி, நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதையை எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஓடும் வண்டியில் எதையுமே ஊட்டாதீர்கள்.

குமுளியில் இரண்டு ராத்திரியும் ஒரே இடத்தில் தங்குங்கள். அறை பிடிக்கும்போது நாலு விஷயம் கேளுங்கள்: தரைத்தளமா, பால் காய்ச்ச அடுப்பு தருவார்களா, வெந்நீர் எத்தனை மணிக்கு, மாடி என்றால் பால்கனிக் கம்பி இடைவெளி எவ்வளவு. பழைய பருத்திப் புடவை இரண்டு எடுத்துப் போங்கள். புது இடத்தில் பாப்பா தூங்காமல் சிணுங்கியபோது, அத்தை தன் புடவையைக் கட்டிலில் விரித்ததும் அதில் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிட்டாள். வீட்டு வாசனை அதில் இருந்தது.

தேக்கடிப் படகுச் சவாரி ஒன்றரை மணி நேரம். இந்த வயதுக் குழந்தை அவ்வளவு நேரம் ஓரிடத்தில் உட்காராது, நாங்கள் போகவில்லை. ஏலக்காய், மிளகுத் தோட்டங்களில் காலையில் நடந்தோம், தங்கிய வீட்டுக் கோழியை அரை மணி நேரம் துரத்தினாள். மத்தியானம் எல்லோரும் தூங்கினோம். திரும்பி மலை இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை அழும், விழுங்கினால் சரியாகிவிடும். மேலேயிருந்து கிளம்புமுன் கொஞ்சம் தாய்ப்பாலோ தண்ணீரோ கொடுங்கள், வழியில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி கொடுங்கள்.

சீட்டில் எப்படியும் உட்காரவே மாட்டேன் என்கிற குழந்தை என்றால் தேனி வரை ரயிலில் போய்விடலாம். 2022-இல் மதுரை–தேனி அகல ரயில் பாதை ஓட ஆரம்பித்து, 2023-இல் போடி வரை நீண்டுவிட்டது. நிறுத்தி வைத்த வண்டியில் மட்டும் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், கண்ணாடியை இறக்கி வைத்திருந்தாலும் சரி.

கடைசியாகத் தேதி. பொங்கலுக்குப் போகாதீர்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் மதுரையைச் சுற்றி ஜல்லிக்கட்டுக் கூட்டம். மகரவிளக்குக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளெல்லாம் இதே கம்பம் சாலையில்தான் வரும். சீசனில் கம்பம் மெட்டு என்கிற வேறொரு மலைப்பாதை வழியாக ஒருவழியாகத் திருப்பிவிடுவதும் வழக்கம், அப்படித் திருப்பினால் நான் சொன்ன இருபது நிமிட ஏற்றம் என்கிற கணக்கே போச்சு. ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்தநாள், லோயர்கேம்ப்பில் விவசாயிகள் பொங்கல் வைப்பார்கள், அங்கேயும் கூட்டம். தை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அப்போதும் குமுளியில் ராத்திரிக் குளிர் இருக்கும், காதை மூடுகிற குல்லா ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை எப்படியும் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவார்கள்.