கோயில்குட்டியாருக்கு எவ்வளவு சம்பளம்?

ஐயா, தோத்திரம்.

உங்கள் கட்டுரைகளை என் மகன் கைப்பேசியில் எடுத்துத் தருவான், வாசிப்பேன். நாங்கள் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய கிராமம். சபையில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. கோயில்குட்டியாருக்கு (கோயில் பணியாளர்) வயதாகிவிட்டதால் சனிக்கிழமை மாலையில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் கோயிலைக் கூட்டிக் கழுவுகிறோம். ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் கொடுத்த தம்ளர்களையும் நாங்களே கழுவி வைக்கிறோம். யாரும் சொல்லிச் செய்வதில்லை.

இந்த ஆண்டு பெரிய வியாழன் அன்று எங்கள் ஐயர் (சபைப் போதகர்) முதல்முறையாகப் பாதம் கழுவும் ஆராதனை நடத்தினார். பன்னிரண்டு பேரைக் கமிட்டி தேர்ந்தெடுத்தது. பண்டிகைக்கு மட்டும் சென்னையிலிருந்து வருகிறவர்களின் பெயர்கள் இருந்தன. எங்கள் மூவரில் ஒருவர் பெயரும் இல்லை. அன்றிலிருந்து துடைப்பத்தைக் கையில் எடுத்தாலே மனம் கசக்கிறது. என் கணவர் விட்டுவிடு என்கிறார்.

நான் இப்படி வருத்தப்படுவது பெருமையா? மார்த்தாளைப் போல ஆகிவிட்டேனா? பாதம் கழுவுவது கத்தோலிக்கர் வழக்கம், நமக்கு எதற்கு என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா? தாழ்மையாக ஊழியம் செய்வது எப்படி என்று எழுதுங்கள். வாசிக்க நல்ல புத்தகங்களும் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் வேறு ஒரு காரியத்துக்காக ஒரு சபையின் ஆண்டறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரவு செலவுப் பக்கத்தில் ஒலிபெருக்கி, ஜெனரேட்டர், கன்வென்ஷன் பிரசங்கியாரின் பயணச்செலவு, பண்டிகைப் பூ அலங்காரம் என்று வரிசையாக வந்து, கடைசி வரிக்கு முந்திய வரியில் ‘கோயில்குட்டியார் அலவன்ஸ்’ என்று இருந்தது. ஆண்டு முழுவதுக்குமான தொகை. பூ அலங்காரத்துக்கு அதைவிட அதிகம் செலவழித்திருந்தார்கள். அந்தக் கோபம் ஆறாமல் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. ஆகவே உங்களுக்குச் சேர வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டு விழலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பாதம் கழுவுவது கத்தோலிக்கர் வழக்கம் என்று சொல்கிறவர்கள், இயேசு தம் சீஷர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசிக்கட்டும். கத்தோலிக்கரிடமும் அது ஒரே மாதிரி இருந்ததில்லை. 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் இளம் கைதிகள் இருந்த சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். ஆண்களின் கால்களைத்தான் கழுவ வேண்டும் என்று இருந்த விதியை 2016இல் மாற்றினார். உங்கள் ஐயர் செய்தது நல்ல காரியம். ஆள் பொறுக்கும் வேலையைக் கமிட்டியிடம் விட்டதுதான் கோளாறு. கமிட்டி தேர்ந்தெடுத்த கால்கள் எப்படி இருக்கும்? வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுச் செருப்பில் வைத்துக் கொண்டுவரப்பட்ட கால்களாக இருக்கும். பன்னிரண்டில் ஒருவராக இல்லையே என்று வருந்துகிறீர்கள். முதல் பன்னிரண்டில் யூதாஸ்காரியோத்தும் உட்கார்ந்திருந்தான். அவன் காலும் கழுவப்பட்டது.

மார்த்தாளை விட்டுவிடுங்கள். இயேசு வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் முனகியவள் என்றே நம் பிரசங்க மேடைகள் அவளை நிறுத்தி வைத்திருக்கின்றன. நீர் தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று பேதுரு அறிக்கை செய்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். அதே அறிக்கையைச் செய்தவள் மார்த்தாள், அதுவும் சகோதரனைக் கல்லறையில் வைத்துவிட்டு நின்ற நேரத்தில். யோவான் பதினோராம் அதிகாரம். அவளைப் போல ஆகியிருந்தால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

புத்தகப் பட்டியல் தரமாட்டேன். தாழ்மையைப் பற்றி அதிகம் வாசித்தவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

வருத்தம் பெருமையா என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும். முழங்காலில் நின்று தரை துடைக்கிற பெண் தன்னை யாராவது ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும் என்று நினைத்தால் அதற்கு நரகத்தில் இடம் ஒதுக்க மாட்டார்கள். ஐயரம்மாவிடம் போய், எங்களுக்கு வருத்தமாக இருந்தது என்று நேரே சொல்லுங்கள். நீங்கள் மூவரும் செய்வது எனக்கு மிகவும் பிரியமான காரியம். ஈரத் தரையின் வாசனையும் பழைய கோரைப்பாயின் வாசனையும் கலந்து வரும் சனிக்கிழமைக் கோயில்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயிலைவிட நெருக்கமானது.

ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். உங்கள் துடைப்பம், உங்கள் தம்ளர், உங்கள் கசப்பு, உங்கள் கணவர் சொன்னது எல்லாம் இருக்கின்றன. கோயில்குட்டியாருக்கு எத்தனை வார்த்தை கொடுத்தீர்கள்? ‘வயதாகிவிட்டதால்’. அதோடு முடிந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் அவர் இருந்தாரா? நீங்கள் எழுதவில்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். அன்று பேசினில் தண்ணீர் பிடித்து வைத்தவர் யார்? ஆராதனை முடிந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டி, துண்டைப் பிழிந்து காயப்போட்டவர் யார்? உங்களைக் கமிட்டி பார்க்கவில்லை என்கிறீர்கள். அவரை நீங்கள் பார்த்தீர்களா அம்மா?

எங்கள் ஊர்க் கோயில்குட்டியாரைப் பற்றிச் சொல்கிறேன். தேரிக்காட்டு ஓரத்தில் பனைகளுக்கு நடுவே எங்கள் கோயில். ஞாயிறு காலையில் முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி என்று ஊரை எழுப்பி, குளிக்கவைத்து, உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்தவர் அவர். பாய் விரிப்பார், சுருட்டுவார். பெட்ரோமாக்ஸுக்கு மேண்டில் கட்டுவார். வௌவால் எச்சத்தைச் சுரண்டுவார். சமைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துக் கலயத்தில் போட்டு வைப்பார்களே, அதை வீடு வீடாகப் போய் வாங்கி வருவதும் அவர்தான். பக்கத்து ஊரில் இருக்கும் சேகரத்து ஐயருக்குக் கடிதம் கொண்டுபோவார். ஊரில் ஒரு சாவு என்றால் துக்க மணி அடித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போவார். கோடையில் அந்தச் செம்மணலில் குழி வெட்டுவது லேசான காரியம் இல்லை. வெட்ட வெட்டச் சரியும்.

சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை அன்று அவர் எப்போதும் கடைசிப் பந்தி. சோறு இருக்கும். கறி இருக்காது, குழம்பு இருக்கும். இலை எடுத்து, அண்டா கழுவி முடிக்கும்போது இரவு வெகுநேரம் ஆகியிருக்கும். மேடையில் அவரைப் பற்றி ஒரு வரி தவறாமல் சொல்வார்கள்: ‘நம்முடைய கோயில்குட்டியார் எவ்வளவு தாழ்மையுள்ளவர்!’ கூட்டம் தலையாட்டும்.

சம்பளம் மட்டும் மாதக்கணக்கில் நிற்கும். அவருடைய மனைவி கமிட்டிக்காரர் வீட்டுத் திண்ணை ஓரமாக வந்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே, ‘ஆண்டவருடைய வேலைக்குக் கணக்குப் பார்க்கலாமா?’ என்றார். எங்கள் பாட்டி அப்போது அந்த வீட்டு முற்றத்தில் கருப்பட்டி எடை போட்டுக்கொண்டிருந்தாள். தராசைக் கீழே வைத்துவிட்டு, ‘ஆண்டவர் வேலைதான். அரிசிக்கடைக்காரன் ஆண்டவர் இல்லையே’ என்றாள். அந்த வருஷம் முழுவதும் அந்தப் பெரியவர் எங்கள் வீட்டில் கருப்பட்டி வாங்கவில்லை.

அந்த ஊர் கோயில்குட்டியாரை நேசிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நேசித்தது. தாழ்மையுள்ளவர் என்று புகழ்ந்ததும் உண்மையான புகழ்தான். அந்தப் புகழைக் கூலிக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டார்கள் என்பதே என் வழக்கு. வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாத ஒருவர் தலை குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அதற்குத் தாழ்மை என்று பெயர் வைப்பது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது. நீங்கள் கோயிலைக் கூட்டினால் அது ஊழியம். அவர் கூட்டினால் அது வேலை. நீங்கள் ஒரு வாரம் வராவிட்டால், பாவம், உடம்பு சரியில்லையோ என்று விசாரிப்பார்கள். அவர் வராவிட்டால் கமிட்டியில் கேள்வி வரும். கோயில் கழிப்பறை யார் பொறுப்பு என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. எந்தத் தெருவிலிருந்து அதற்கு ஆள் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதில் சாதி இல்லை என்று யாராவது மறுமொழி எழுதுவார்கள். எழுதட்டும். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு முன்னால் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கூடங்கள் வைத்துக் கோயில் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பை 1910இல்தான் இடித்தார்கள். அது கத்தோலிக்கக் கோயில் என்று நம்மவர்கள் நிம்மதி அடைய வேண்டாம். நம் கோயில்களில் செங்கல் செலவு இல்லாமலே அந்தத் தடுப்பு நின்றது.

தாழ்மையாக ஊழியம் செய்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் சபை அப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அன்றாடச் சாப்பாட்டுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய யூதரின் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள். முறுமுறுப்பு எழுகிறது. சபைக்குள் எழுந்த முதல் பெரிய முறுமுறுப்பே பந்தியைப் பற்றியது, பாருங்கள். அப்போஸ்தலர்கள் அந்த விதவைகளைக் கூப்பிட்டு, தாழ்மையாக இருங்கள், பரலோகத்தில் பலன் உண்டு என்று பிரசங்கம் செய்தார்களா? முறுமுறுப்பது பாவம் என்றார்களா? பேரைச் சொல்லி ஏழு பேரைப் பந்தி விசாரிக்க நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யாருக்குக் குறை இருந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே அகப்பையைக் கொடுத்ததாகத்தான் எனக்குப் படுகிறது. அந்த ஏழில் ஒருவரான ஸ்தேவான்தான் முதல் இரத்தசாட்சி. சாப்பாட்டுப் பந்திக்கு ஆள் வைத்ததை வேதம் பெயர் பெயராக எழுதி வைத்திருக்கிறது.

நாமும் பெயர்களை எழுதத்தான் செய்கிறோம், மின்விசிறி இறக்கைகளில். இன்னாருடைய நினைவாக அன்பளிப்பு என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். மின்சாரம் போனால்தான் வாசிக்க முடியும். மெய்ஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடி என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். கட்டியவர் மிஷனரி ஜான் தாமஸ் என்று தெரியும். அதன் மணிக்கயிற்றைத் தலைமுறை தலைமுறையாக இழுத்தவர்களில் ஒருவர் பெயர் யாருக்காவது தெரியுமா? டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1951இல் அவர் இறந்தபின் பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அழகான காரியம். அதைச் சொல்லி யாரும் கோயில்குட்டியார் கல்லறையில் பெயர் எழுதாமல் விட வேண்டாம். கல் வேண்டாம் என்று ஏமி அம்மையார் தாமே சொன்னார். என் கோயில்குட்டியாரிடம் யாரும் கேட்கவே இல்லை.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். துடைப்பத்தை விட வேண்டாம். கசந்தால் ஒரு மாதம் ஓய்வெடுங்கள், கோயில் ஓடிப்போகாது. அந்த மாதத்தில் கோயில்குட்டியார் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பேசிக்கொண்டிருந்துவிட்டு வாருங்கள். முழங்கால் எப்படி இருக்கிறது, மருந்துக்கு யார் கொடுக்கிறார்கள், மகன் பணம் அனுப்புகிறானா என்று கேளுங்கள். நீங்கள் மூவரும் சம்பளம் இல்லாமல் கூட்டுவதைக் காட்டி அவருடைய சம்பளத்தைக் கமிட்டி குறைத்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். எனக்கு அந்தச் சந்தேகம் பலமாக இருக்கிறது. பல சபைகளில் அப்படித்தான் நடக்கிறது. நல்ல மனத்தோடு நீங்கள் இலவசமாகச் செய்வது ஒரு கிழவரின் அரிசியில் கைவைப்பதாக முடிந்துவிடக் கூடாது.

அடுத்த சபைக்கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள். பெண்கள் பக்கம் வழக்கமாகப் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்று ஒரே கேள்வி கேளுங்கள், உட்கார்ந்துவிடுங்கள்: கோயில்குட்டியாருக்கு மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி? கேட்டபின் அடுத்த ஆண்டுப் பன்னிரண்டில் உங்கள் பெயர் வருவதற்கு வாய்ப்பு இன்னும் குறைந்துவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். தொகையோடு.